வெயில் காட்டிய பெட்டி

ஏனுங்க, அந்த ஜன்னலோர சீட்டை எனக்கு விட்டுக்கொடுப்பீங்களா? வாந்தி எடுக்கற ஆள் இல்லீங்க, பயப்படாதீங்க. இந்த நாப்பது வளைவும் எனக்குப் பழக்கந்தான், பொண்டாட்டி ஊரு மேலதான். இந்தப் பையை மடியில வச்சுக்கிட்டு ஜன்னலை ஒட்டி உக்காரணும், அவ்வளவுதான். இருங்க, நீங்க இப்படி வாங்க, நான் அப்படிப் போயிடறேன். நல்லா இருப்பீங்க.

எங்க போறேன்னு கேக்கறீங்களா? கேக்கலையா, சரி, நானே சொல்றேன். வால்பாறை போய்ச் சேர்ற வரைக்கும் எதையாவது பேசித்தானே ஆகணும். பொண்டாட்டியைக் கூட்டிட்டு வரப் போறேங்க. தலை நரைச்ச வயசுல கோவிச்சுக்கிட்டு அண்ணன் வீட்டுல போய் உக்காந்துட்டா. எமிலின்னு பேரு. பேரைப் பார்த்தா சாந்தமாத்தான் தெரியும். நான் குடிச்சிருந்தா, அடிச்சிருந்தா, இன்னொருத்தி பின்னாடி போயிருந்தா, அட ஒரு நியாயம்னு விட்டுடலாம். அதெல்லாம் ஒண்ணுமே இல்லீங்க. கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொன்னேன். அதுக்குத்தான் இந்தத் தண்டனை.

எம் பேரு ஞானசிகாமணி. கோயமுத்தூர்ல ஒரு கம்பெனியில டெஸ்டிங் இன்சார்ஜ். பஸ்ஸு, லாரி, ஸ்கூல் வேன், ஆம்புலன்ஸ் இதிலெல்லாம் ஜிபிஎஸ் பெட்டி மாட்டறாங்க இல்லீங்களா, சோப்பு டப்பா அளவுல இருக்குமே, அதைச் செய்யற கம்பெனி. வானத்துல சுத்தற செயற்கைக்கோள்ல இருந்து வர்ற சிக்னலைப் பிடிச்சு, வண்டி இன்ன இடத்துல நிக்குதுன்னு ஆபீசுல இருக்கறவன் திரையில காட்டும். ஆனா அந்த சிக்னல் இருக்குதே, அது கீழ வந்து சேர்றப்ப சீக்காளி முனகற மாதிரிதான் இருக்கும். மரத்தடியில போனா பாதி போயிடும். தகரக் கொட்டாய்க்குள்ள போனா கேக்கவே வேண்டாம். எவ்வளவு குறைஞ்சாலும் எந்தப் பெட்டி தாங்குது, எது விட்டுடுதுன்னு பார்க்கறதுதான் நம்ம வேலை. உணர்திறன் சோதனைன்னு சொல்லுவோம்.

அந்த லேபை உருவாக்கினவனே நான்தாங்க. மொட்டை மாடியில ஒரு ஆன்டெனா நட்டேன். அங்கிருந்து கேபிள் இறங்கி கீழ ஒரு இரும்புப் பெட்டிக்குள்ள வரும். கதவைச் சாத்திட்டா வெளி சிக்னல் ஒரு பொட்டுக்கூட உள்ள போகாது, கேபிள்ல வர்றது மட்டுந்தான். அந்தக் கேபிளுக்கு நடுவுல ஒரு குமிழ். திருகத் திருக சிக்னல் குறையும். இந்தா விட்டுடும், இந்தா விட்டுடும்னு பார்த்துட்டே இருப்போம். விடாது. எம் பெட்டி விடவே விடாது. மத்த கம்பெனியிலெல்லாம் தேறாத பெட்டி மூட்டை மூட்டையாக் கிடக்கும். நம்ம லேபுல ரிஜெக்டுங்கற பேச்சே இல்லீங்க. ஆயுத பூஜைக்கு முதலாளி கையால முதல் பொன்னாடை எனக்குத்தான்.

எப்படின்னா, அதுக்கு ஒரு கைப்பக்குவம் இருக்குதுங்க. எடுத்த எடுப்பில பெட்டியைக் கொண்டுபோய் இருட்டுக்குள்ள அடைக்கக் கூடாது. முதல்ல ஆன் பண்ணி, தட்டுல வரிசையா அடுக்கி, கிழக்கு ஜன்னலோரம் வைக்கணும், வடாம் காயப்போடற மாதிரி. அது நிதானமா வானத்தைப் பார்த்து, நாலஞ்சு கோளைப் பிடிச்சு, பச்சை லைட்டு எரிஞ்ச பிறகு, அணைக்காம அப்படியே தூக்கி உள்ள வைக்கணும். எங்க லேபுல அதுக்கு வெயில் காட்டறதுன்னே பேரு. நான் வச்ச பேருதான். புதுசா யார் வேலைக்கு வந்தாலும் காலையில என் முதல் கேள்வி, வெயில் காட்டியாச்சான்னுதான். எமிலிகிட்டக்கூட எத்தனையோ தடவை சொல்லிச் சிரிச்சிருக்கேன். அவகிட்ட சொன்னதுதான் தப்பாப் போச்சு. அதை அப்புறம் சொல்றேன்.

எல்லாம் நல்லாத்தான் போயிட்டிருந்துது. நஸ்ரின்னு ஒரு இன்ஜினியர் பொண்ணு வந்து சேர்ந்தாளுங்க. கெட்டிக்காரிதான், இல்லைங்கல. ஆனா வந்த நாள்ல இருந்து ஜன்னலையே முறைச்சுப் பார்த்துட்டு இருப்பா. ஒருநாள் வந்து, சார், வெயில் காட்டாம, அணைஞ்ச பெட்டியை அப்படியே உள்ள வச்சு, குறைஞ்ச சிக்னல்ல ஆன் பண்ணிப் பார்க்கலாமான்னா. எதுக்கும்மான்னேன். அதுக்கு அவ சொல்றா, திருவிழாக் கூட்டத்துல அம்மா விரலைப் பிடிச்சிருக்கற குழந்தை அதை விடாம இருக்கறது ஒண்ணு, தொலைஞ்சு நிக்கற குழந்தை அம்மாவைத் தேடிக் கண்டுபிடிக்கறது வேற, நாம முதல் விஷயத்தை மட்டுந்தான் சோதிக்கறோம்னு. பேச்சு நல்லாத்தான் இருந்துது. பட்டிமன்றத்துக்குப் போயிருக்கலாம்.

நான் ஈஸ்டர் லீவுல போயிருந்தப்ப அவ பாட்டுக்கு ஒரு தட்டு பெட்டியை வெயில் காட்டாம உள்ள வச்சுப் பார்த்திருக்கா. பாதிக்கு மேல வானத்தைக் கண்டுபிடிக்கவே இல்லையாம். நான் வந்ததும் வராததுமா அதைத் தூக்கிட்டு வந்து நிக்கறா. தூங்கறவனை எழுப்பி உடனே ஊசியில நூல் கோருன்னா எவன் கோப்பான்? அதுமில்லாம அவ சொல்ற வழியில பார்த்தா ஒரு பெட்டிக்கு எவ்வளவு நேரம் ஆகும் தெரியுமா? வாசல்ல லாரி நிக்குதுங்க. முதலாளி எங்கிட்ட ஒரே வார்த்தைதான் கேட்டாரு, இது அவசியமா ஞானம்னு. அவசியமில்லீங்கன்னேன். அடுத்த வாரமே அவளை பேக்கிங் பக்கம் மாத்திட்டாங்க. நான் மாத்தச் சொல்லலைங்க. கேட்டதுக்குப் பதில் சொன்னேன்.

அது முடிஞ்சு கொஞ்ச நாள்ல எஸ்டேட் ஆஸ்பத்திரி ஆம்புலன்சுக்கெல்லாம் நம்ம பெட்டிதான்னு ஆர்டர் வந்துது. அதுல ஒரு வண்டி யாரு ஓட்டறதுன்னு நினைக்கறீங்க? எமிலியோட அண்ணன். இருதயராஜ். எம் மச்சான். மாப்ளே, உங்க பெட்டி நம்ம வண்டிக்கு வந்திருச்சுன்னு போன்ல சொல்றப்ப அவருக்கு அத்தனை பூரிப்பு. தங்கமான மனுசன்ங்க. பீடி சிகரெட் கிடையாது. எங்கம்மா சீக்கா கிடந்தப்ப பெத்த மகன் நான் மூக்கைப் பிடிச்சிட்டு நிப்பேன், அவரு கழுவி விட்டிருக்காரு. அதெல்லாம் நான் மறக்கலைங்க. மறந்தேன்னு எமிலி சொல்றா, அது பொய்.

அந்த சமாச்சாரம் நடந்தது போன மழைக்காலத்துலங்க. மச்சான் காலையில வண்டியை சர்வீசுக்குப் பொள்ளாச்சி கொண்டுபோயிருக்காரு. மெக்கானிக் பேட்டரியைக் கழட்டி மாட்டினவன், நம்ம பெட்டியோட ஒயரை மாட்டாம விட்டுட்டான். அது தெரியாம இவரு மேல ஏறி வந்து, மத்தியானம் வண்டியை ஷெட்டுல விட்டிருக்காரு. அப்புறந்தான் ஒயர் தொங்கறதைப் பார்த்து இவரே மாட்டியிருக்காரு. தகர ஷெட்டு, அதுக்கு மேல பெரிய பலாமரம், மழை வேற. பெட்டி முழிச்சுப் பார்த்துது. வானம் கிடைக்கல. கிடைக்கலைன்னா அது என்ன பண்ணும்னா, கடைசியா எங்க இருந்துதோ அந்த இடத்தையே அனுப்பிட்டு இருக்கும். பொள்ளாச்சின்னு.

அந்த நேரம் பார்த்து மேல் காட்டுல தேயிலைக் கொழுந்து எடுத்திட்டிருந்த ஒரு பொண்ணை கதண்டு கடிச்சிருச்சு. கதண்டுன்னா தெரியுமில்ல, பெரிய காட்டுக் குளவி, கூட்டமா வந்தா யானையே ஓடும். ஆளு வீங்கி மூச்சு விட முடியாமக் கிடந்திருக்கு. கூட இருந்தவங்க போன் பண்ணியிருக்காங்க. கீழ ஆம்புலன்ஸ் அனுப்பற சென்டர்ல உக்காந்திருந்தவன் திரையைப் பார்த்தான். வண்டி பொள்ளாச்சியில நிக்குதுன்னு காட்டுது. அவன் மச்சானுக்குப் போன் போட்டுக்கூடப் பார்க்கல, திரையில இருக்கறப்ப எதுக்குக் கூப்பிடணும்? இன்னொரு எஸ்டேட் வண்டியைத் திருப்பி விட்டான். அது மலையைச் சுத்தி வந்து சேர்றதுக்குள்ள அந்தப் பொண்ணு போயிருச்சு. மச்சான் ஷெட்டுல உக்காந்து தினத்தாள் படிச்சிட்டு இருந்தாராம். கூப்பிட்டிருந்தா டீ ஆறறதுக்குள்ள போயிருப்பாரு.

எஸ்டேட்டுல விசாரணை வச்சாங்க. வண்டியை எடுத்துட்டு சொந்த வேலையாப் பொள்ளாச்சியில சுத்தினான், அதனாலதான் உயிர் போச்சுன்னு முடிவு கட்டினாங்க. மெக்கானிக்குக்குப் பயம், எத்தனை மணிக்கு வண்டி போச்சுன்னு ஞாபகம் இல்லைன்னுட்டான். ஆஸ்பத்திரி வாட்ச்மேன் மட்டும் வண்டி ஷெட்டுல நின்னுதுன்னு அடிச்சுச் சொன்னாரு. அவரும் மச்சானும் ஒரே கோயில்ல பாடறவங்க, அது எடுபடல. கடைசியா எங்க கம்பெனியைக் கேட்டாங்க, இந்தப் பெட்டி தப்பாக் காட்டுமான்னு. முதலாளி அதை எங்கிட்டத் தள்ளினாரு. நீ கட்டின லேப், நீயே போய்ச் சொல்லுன்னாரு.

போனேன். சபையில உக்கார வச்சுக் கேட்டாங்க. நம்ம பெட்டி உணர்திறன் சோதனையில தேறினதுதான், தகரத்துக்குக் கீழயும் மரத்துக்குக் கீழயும் இருக்கற சிக்னல் அளவுக்குக் குறைச்சுத்தான் பார்த்திருக்கோம்னேன். இதுல ஒரு எழுத்து பொய் இருக்குதா சொல்லுங்க? குறைச்சுத்தானே பார்த்தோம்? மச்சான் எதுக்க உக்காந்திருந்தாரு. எம் மூஞ்சியவே பார்த்துட்டிருந்தாரு. திட்டல, சண்டைக்கு வரல. வெளிய வந்தப்ப, சாப்பிட்டுட்டுப் போங்க மாப்ளேன்னாரு. நான் பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு வந்துட்டேன்.

அந்த நஸ்ரின் சும்மா இருந்தாளா? எங்கிட்ட வந்து, சார், நீங்க சொல்லலைன்னா நான் சொல்லுவேன்னா. விசாரணைக்காரங்ககிட்டப் போய்ச் சொல்லவும் செஞ்சா. இவ யாருன்னு எங்களைக் கேட்டாங்க. லேபுல இருந்து மாத்தினதுல மனக்கசப்பு உள்ள பொண்ணுன்னேன். அதுவும் உண்மைதானுங்களே, மனக்கசப்பு இருந்துதே. அதோட அவ பேச்சு சபையில நிக்கல, அவளும் வேலையில நிக்கல. இப்ப பெங்களூருல எங்கயோ இருக்காளாம். நல்லா இருக்கட்டும்.

மச்சானுக்கு வேலை போச்சு. நாலாம் நாள் எமிலி எனக்குச் சோத்தைப் போட்டுட்டு, எதுக்க உக்காந்துட்டு, குரலை ஒசத்தாமக் கேட்டா.

"ஏங்க, எங்கண்ணன் வண்டியில இருந்த பெட்டிக்கு அன்னிக்கு யாருங்க வெயில் காட்டினது?"

எனக்கு எப்படி இருந்திருக்கும் பாருங்க. என் தொழில்ல நான் ஆசையா சொன்ன வார்த்தையை எடுத்து எம் மேலயே வீசறா. தட்டைத் தள்ளிட்டு எந்திரிச்சேன். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், உங்கண்ணன் ஒயரைச் சரியாப் பார்க்காம வந்துட்டு எம் பெட்டியைக் குத்தம் சொல்றானான்னேன். அவன் இவன்னு பேசிட்டேன், பேசியிருக்கக் கூடாதுதான். அவ எச்சில் தட்டை எடுத்துக் கழுவி வச்சா. சாயங்காலம் நான் வேலையில இருந்து வர்றப்ப வீடு பூட்டியிருந்துது. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும்னு சும்மாவா சொன்னாங்க. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினவன் ஒரு பக்கம், அண்ணன் ஒரு பக்கம்னா அண்ணன்தான் கனக்குது.

போன் போட்டா எடுக்கறதில்ல. ஒரே ஒரு தடவை எடுத்தா. நீங்க வரவேண்டாம், வந்தா அந்த விசாரணைக்காரங்ககிட்டப் போய் உள்ளதைச் சொல்லிட்டு வாங்கன்னு வச்சுட்டா. உள்ளதைத்தானே சொன்னேன்! இன்னும் என்ன உள்ளதைச் சொல்றது? அப்படிச் சொன்னா இத்தனை வருஷம் நான் தேத்தி அனுப்பின பெட்டியெல்லாம் என்னாகும்? எத்தனை பஸ்ஸுல, எத்தனை வண்டியில ஓடிட்டிருக்குது. அத்தனையும் தேறாதுன்னு ஆகிடாதா? நான் பண்ணினது டெஸ்டே இல்லைன்னு ஆகிடாதா? அந்தப் பொன்னாடையெல்லாம் என்ன, கர்ச்சீப்பா? அவளுக்கு இது புரியல. படிச்சவதான், புரியல.

அதான் இன்னிக்கு ஒரு முடிவோட கிளம்பிட்டேன். பேச்சுக்கே வேலையில்லை, கண்ணால பார்க்கட்டும்னு. இந்தப் பையில இருக்கறது அதே மாடல் பெட்டிங்க. பாருங்க, தொடாதீங்க, பாருங்க. பச்சை லைட்டு எரியுது இல்லீங்களா? நேரா அந்த ஷெட்டுக்கே போறேன். மச்சானையும் எமிலியையும் கூப்பிட்டு, அதே பலாமரத்துக்குக் கீழ, அதே தகரத்துக்குக் கீழ வச்சுக் காட்டறேன். பச்சை லைட்டு அணையுதான்னு பார்க்கலாம். அணையாது. நானும் அவளும் நாளைக்கே ஊருக்குத் திரும்பிடலாம்.

எப்ப ஆன் பண்ணினேனா? பொள்ளாச்சி ஸ்டாண்டுலயேங்க. வெட்டவெளியில வச்சு, பச்சை வந்த பிறகுதான் பஸ்ஸே ஏறினேன். அதுக்குத்தான் உங்ககிட்ட ஜன்னலோரம் கேட்டது.

என்னது, அணைச்சுட்டு அங்க போய் ஆன் பண்ணிப் பார்க்கணுமா?

ஏனுங்க, நீங்க என்ன வேலை பார்க்கறீங்க? கொழுந்து எடை போடறவரா? அப்ப தராசைப் பத்திச் சொல்லுங்க, கேட்டுக்கறேன். இது உங்களுக்குத் தெரியாத விஷயம். ஆளாளுக்கு இதையே சொன்னா எப்படி? அந்த நஸ்ரின் சொன்னா, எமிலி சொன்னா, இப்ப பஸ்ஸுல பக்கத்து சீட்டுல உக்காந்திருக்கற நீங்களும் சொல்றீங்க. அணைக்க மாட்டேங்க. எதுக்கு அணைக்கணும்? எரியற விளக்கை எவனாவது ஊதி அணைச்சுப் பார்ப்பானா?

கோவிச்சுக்காதீங்க. சத்தம் போட்டுட்டேன். எல்லாரும் திரும்பிப் பார்க்கறாங்க. மனசு சரியில்லீங்க, அதான்.

அட்டகட்டி வந்தாச்சா? இனி அதிக தூரம் இல்லை. நீங்க எங்க இறங்கறீங்க? சிலுவைமேடா? சிலுவைமேடு எஸ்டேட்டா? நானும் அங்கதானேங்க. முன்னாடியே சொல்றதில்லையா? நான் பாட்டுக்கு ஊரு பேரு சொல்லாமப் பேசிட்டு வர்றேன், நீங்களும் கேட்டுட்டே வர்றீங்க. அப்ப உங்களுக்கு எங்க மச்சானைத் தெரிஞ்சிருக்குமே.

தெரியுமா. எப்படி இருக்காரு?

எஸ்டேட் லைன் வீடுங்கள்ல யாரும் அவருகூடப் பேசறதில்லையா? பேரைச் சொல்லிக்கூடக் கூப்பிடறதில்லையா, அப்புறம் எப்படிக் கூப்பிடறாங்க? பொண்ணைக் கொன்னவன்னா?

கோயில்ல? அவரு பாடுவாருங்களே, பீடத்துக்குப் பக்கத்துல நின்னு. கடைசி பெஞ்சுல உக்காந்துட்டு, பூசை முடியறதுக்கு முன்னாடியே எந்திரிச்சுப் போயிடறாரா. அந்தப் பொண்ணோட புருசன் முன்னாடி உக்காந்திருக்கறதுனால.

எமிலி? எமிலியைப் பார்த்தீங்களா? குழாயடியில எல்லாரும் பிடிச்சு முடிச்ச பிறகுதான் போறாளா. அவ எதுக்குங்க ஒதுங்கணும், அவ என்ன பண்ணினா?

அப்படியெல்லாம் சொல்லக் கூடாதுங்க. இதைக் கேளுங்க, நீங்களாவது கேளுங்க. மச்சான் அன்னிக்குப் பொள்ளாச்சியில இல்லவே இல்லீங்க. மத்தியானமே வந்துட்டாரு. ஷெட்டுலதான் இருந்தாரு, கூப்பிட்டிருந்தா பறந்திருப்பாரு. எனக்குத் தெரியாதா? அவரு சொன்ன அன்னிக்கே எனக்குத் தெரியும். விசாரணையில எதுக்க உக்காந்திருந்தப்பவும் தெரியும். பொய் சொல்ற மனுசனா அவரு?

எப்படித் தெரியும்னு கேட்டா நான் என்னங்க சொல்றது? தெரியும். விடுங்க.

கண்டக்டர் விசில் ஊதறாரு, உங்க ஸ்டாப்பு வந்திருச்சு. எந்திரிங்க. ஒரு நிமிஷம், ஒரே ஒரு உதவி. நீங்க அந்த ஊருக்காரரு, நீங்க சொன்னா கேப்பாங்க. குழாயடியில சொல்லுங்க, கோயில்ல சொல்லுங்க, அந்தப் பொண்ணோட புருசன்கிட்டப் போய்ச் சொல்லுங்க. இருதயராஜ் மேல ஒரு குத்தமும் இல்லைன்னு, அவரு ஷெட்டுலதான் இருந்தாருன்னு. யாரு சொன்னதுன்னு கேட்டா பஸ்ஸுல யாரோ ஒருத்தரு சொன்னாருன்னு சொல்லுங்க. எம் பேரு வேண்டாம்.

இல்லீங்க, நான் இறங்கல. வால்பாறை வரைக்கும் டிக்கெட் எடுத்துக்கறேன். நீங்க போங்க.

ரைட் கொடுங்க கண்டக்டர்.